மூன்றாம் பக்கம்

தலைப்பு வரி நிறையவில்லை. 'சந்தையில் வியாபாரி குத்திக் கொலை' என்று அடித்துப் பார்த்தால் வலப்பக்கம் கையகலத்துக்கு வெள்ளை விழுந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் 'கொலை' அடுத்த வரிக்கு இறங்கித் தனியாக நின்றது. சிறிதாக்கினால் பக்கமே தூங்கி வழிந்தது. மாலைப் பத்திரிகையின் மூன்றாம் பக்கம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அச்சுக்குப் போயாக வேண்டும். குழாய் உடைப்பு, லாரி கவிழ்ந்தது, மெத்தைக் கடை விளம்பரம் என்று மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இந்த ஒரு வரிதான் அடம்பிடித்தது. பக்கம் கட்டும் அவனுக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பெயர். எவ்வளவு நீளமான சங்கதியைக் கொடுத்தாலும் அளவாக வெட்டிக் கொடுத்துவிடுவான் என்பதால் வந்த பெயர். வெட்டுவதில் அவனுக்குச் சிரமமே கிடையாது. காலி இடத்தை நிரப்பச் சொன்னால்தான் கை தடுமாறும்.

"என்ன கத்தரி, அந்த வரியை இன்னும் தாலாட்டிக்கிட்டே இருக்கே?" என்று பின்னால் வந்து நின்றார் செய்தி ஆசிரியர். அவருடைய முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'அவசரம்' என்பார்கள். "கொலைன்னு போட்டா ஆச்சா? தினமுந்தான் எவனாவது எவனையாவது கொல்றான். இதுல என்ன விசேஷம்னு சொல்லு."

விசேஷத்தை நிருபரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் சந்தை இரைச்சலுக்கு நடுவிலிருந்து போனில் கத்தினார். "ஆளைப் பிடிச்சிட்டாங்க சார். ஏன் குத்தினான்னு இன்னும் எதுவும் சொல்லல. பிடிக்கும்போது தனக்குத்தானே ஏதோ பேசிக்கிட்டு இருந்தானாம். ஆளு ஒரு மாதிரின்னு பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு."

அது போதும். கத்தரியின் விரல்கள் யோசிக்காமலே அடித்தன: 'சந்தையில் சைக்கோ வெறி: வியாபாரி குத்திக் கொலை.' சைக்கோ என்று ஒன்றைப் போட்டால் வெறி தானாகவே பின்னால் வந்து உட்காரும். இந்தத் தொழிலில் இரண்டையும் யாரும் பிரித்து வைத்ததில்லை. வரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கச்சிதமாக நிறைந்தது. "இதைத்தானய்யா அப்பவே கேட்டேன்" என்று அவசரம் அவன் தோளில் தட்டிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினார். பக்கத்தை அனுப்பிவிட்டுக் கை கழுவிக்கொண்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான். நன்றாகவே சாப்பிட்டான். அண்ணன் ஞாபகம் வரவில்லை. பிறகு வந்த நாட்களில் அவன் திரும்பத் திரும்பப் போய் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஞாபகம் வந்து, பிழைப்பு இது, என்ன செய்வது என்று தள்ளிவிட்டிருந்தால்கூட மனத்துக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். வரவே இல்லை என்பதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணன் கடைத்தெருவில் ஒரு சலூனில் வேலை பார்க்கிறார். அங்கே இரண்டு நாற்காலி. வாசல் பக்கத்து நாற்காலி முதலாளிக்கு, உள்பக்கத்து நாற்காலி அண்ணனுக்கு. எதையும் அவசரப்பட்டுச் செய்ய வராது. சோப்பைக் குழைப்பதற்கே ஒரு ஆள் சவரம் முடித்து எழுந்துவிடும் நேரம் எடுத்துக்கொள்வார். 'ஸ்லோமோஷன்' என்று பட்டப்பெயர் வைத்து, "ஸ்லோமோஷன் அண்ணே, நீங்க இந்தக் கன்னத்தை முடிச்சு அந்தக் கன்னத்துக்கு வர்றதுக்குள்ள இங்க மறுபடி முளைச்சிடும்" என்று கிண்டல் செய்வார்கள். செய்தாலும் அவர் நாற்காலி காலியாகட்டும் என்று பெஞ்சில் காத்திருப்பார்கள். காரணம், அவர் கை பட்டு யாருக்கும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. கழுத்துக்கு வரும்போது கத்தியை ஒருபுறம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எச்சில முழுங்கிக்கோங்க" என்பார். ஆள் முழுங்கி, தொண்டைக் குமிழ் ஏறி இறங்கி அடங்கின பிறகுதான் கத்தி கழுத்தைத் தொடும். வழக்கமாக வருகிறவர்கள் அவர் வாயைத் திறக்கும் முன்பே, "முழுங்கியாச்சு, முழுங்கியாச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

கத்தியில் வழித்தெடுத்த நுரையைத் துடைக்க, பழைய பத்திரிகைகளை உள்ளங்கையளவு கிழித்து வைத்துக்கொள்வது அந்தச் சலூனில் பழக்கம். அண்ணன் சினிமாப் பக்கத்தைக் கிழிப்பார், விளையாட்டைக் கிழிப்பார், தலையங்கத்தைக் கூசாமல் கிழிப்பார். மூன்றாம் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து மடித்து, கண்ணாடிக்குக் கீழே பலகையில் அடுக்கிவிடுவார். கேட்டால், "இது என் தம்பி பண்றது" என்பார். "உன் தம்பி மேல நுரை பட்டா கரைஞ்சா போயிடுவான்?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்புதான் பதில். ஒரு முறை அவன் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, இத்தனை கொலையையும் விபத்தையும் எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று கேட்டான். "நான் செய்தியைப் படிக்கறதில்லடா. நீ வரியை எப்படி நிறைச்சிருக்கேன்னு பார்ப்பேன்" என்றார் அண்ணன்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது அண்ணனுக்கு அது வந்தது. மனச்சிதைவு என்று டாக்டர் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயில் வைத்துக்கொண்டதில்லை. அம்மா கடைசிவரை 'உடம்பு' என்றுதான் சொன்னாள். "பெரியவனுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்ல." அந்த நாட்களில் தெருவுக்குள் விஷக் காற்று வருகிறது, எல்லோரையும் எழுப்பு என்று ஒரு குரல் அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. விடியற்காலையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். எழுந்திருங்க, வெளிய வாங்க, குழந்தைங்களைத் தூக்கிக்கோங்க என்று அழுதுகொண்டே தட்டினார். ஒரு வீட்டில் கதவைத் திறந்து கட்டையால் அடித்தார்கள். அண்ணன் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு அப்போது வந்தது. அந்த வியாதியின் மோசமான காலம் முழுவதிலும் நடந்த அடிதடி அது ஒன்றுதான். அதில் அடி வாங்கியவர் அண்ணன். இதெல்லாம் கத்தரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவனுடைய விரல்கள்தான் அந்த வார்த்தையை அடித்தன.

அன்று சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சட்டைப் பையிலிருந்து மூன்றாம் பக்கத்தை எடுத்து மேசையில் விரித்து மடிப்பைக் கையால் நீவினார். பையில் வைக்காமல் சலூன் பலகையிலேயே வைத்திருக்கலாம். ஏன் எடுத்து வந்தார் என்று அவனுக்கு உறுத்தியது. அண்ணன் தலைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு வரி நல்லா நிறைஞ்சிருக்குடா" என்றார். "கொஞ்சங்கூட வெள்ளை இல்ல."

குத்திக்காட்டுகிறாரா என்று அவர் முகத்தைத் துருவினான். அப்படி எதுவும் இல்லை. அண்ணனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். "அது வந்துண்ணே, அவசரத்துல..." என்று ஆரம்பித்தான். உள்ளேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அண்ணன் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் மேசையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தான்.

சில நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "உங்க அண்ணன் கையில இப்பல்லாம் சோப்பு வாசனையே இல்ல, கவனிச்சீங்களா?" என்று கேட்டாள். "பினாயில் நெடிதான் அடிக்குது. சீக்கிரமாவும் வந்துடறாரு. கேட்டா, கூட்டம் இல்லங்கறாரு."

மறுநாள் பக்கத்தை அனுப்பிய கையோடு அவன் சலூனுக்குப் போனான். பெஞ்சில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனுடைய நாற்காலியில் துவைத்த துண்டுகள் குவிந்து கிடந்தன. அண்ணன் குனிந்து தரையில் விழுந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதையும் அவர் மெதுவாகத்தான் செய்தார். ஒரு முடி விடாமல், மூலையிலிருந்து ஆரம்பித்து, உட்கார்ந்திருப்பவர்களின் காலுக்கடியில் துடைப்பத்தை நீட்டி. துடைப்பம் கிட்டே வந்ததும் ஒருவர் இரண்டு காலையும் தேவைக்கு அதிகமாகவே தூக்கிக்கொண்டார். அவனைப் பார்த்ததும் அண்ணன் நிமிர்ந்து, "என்னடா இந்த நேரத்துல?" என்று சிரித்தார். முதலாளி கத்தியை வைத்துவிட்டு அவனை வாசலுக்கு வெளியே கூட்டிப் போனார்.

"சார், உங்க அண்ணன் தங்கமான ஆளு. நான் இல்லைங்கல" என்று ஆரம்பித்தார். "அன்னிக்குச் சந்தை விஷயம் பேப்பர்ல வந்துச்சுல்ல. உக்காந்திருந்தவங்க அதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. இந்த மாதிரி ஆளுங்களை வெளியவே விடக்கூடாது, பூட்டி வைக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. உங்க அண்ணன் ஷேவ் பண்ணிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தாரு. அப்புறம் டீ வந்துச்சு. மாத்திரை அட்டையை எடுத்தாரு. மருந்துக்கடைக்காரரு பக்கத்துல இருந்தாரு. அட்டையைப் பாத்துட்டு, இது அந்த வியாதிக்குக் கொடுக்கறதாச்சேன்னு கேட்டுட்டாரு. கெட்ட எண்ணம் இல்ல, வாய் சும்மா இருக்கல. உங்க அண்ணன் என்ன சொல்லியிருக்கணும்? சத்து மாத்திரைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"என்ன சொன்னாரு?"

"ஆமா, எனக்கு மனச்சிதைவு இருக்கு, மாத்திரை போடறேன், நல்லா இருக்கேன்னு சொன்னாரு. நிறுத்தி நிதானமா. நாற்காலியில இருந்தவரு பாதி ஷேவ்ல எந்திரிச்சு, துண்டால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டுப் போயிட்டாரு சார். அதுலேருந்து ஒருத்தரும் அந்த நாற்காலிக்கு வர மாட்டேங்கறாங்க. நான் அவரைப் போகச் சொல்லல. துண்டு துவைக்கட்டும், கூட்டட்டும், இருக்கட்டும்னுதான் வச்சிருக்கேன். கத்தி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன். நீங்க பேப்பர்ல இருக்கறவரு. ஜனங்க பேப்பரை நம்பறாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் நீங்க பண்றதுதானாமே? உங்க அண்ணன் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவாரு" என்றார்.

"தலைப்பெல்லாம் மேல முடிவு பண்றது" என்றான் கத்தரி. பொய் அவன் வாயிலிருந்து அளவெடுத்து வெட்டினதுபோல் வந்தது. கடைக்கு உள்ளே அண்ணன் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, தன் நாற்காலிமேல் கிடந்த துண்டுகளை எடுத்து மடிக்க ஆரம்பித்திருந்தார்.

அந்த வாரமே சந்தைக் கொலையின் பின்கதை வந்துவிட்டது. கடை போடும் இடத்துக்காக மாமன் மச்சான் இரண்டு பேருக்கு நெடுநாள் தகராறு. குத்தியவனுக்குச் சித்தம் தெளிவாகவே இருந்தது. முந்தின வாரமே கத்தியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறான். "தனக்குத்தானே பேசினான்னு சொன்னாங்களே?" என்று கத்தரி கேட்டதற்கு நிருபர் விழுந்து விழுந்து சிரித்தார். "காதுல மாட்டற போன் சார். குத்திட்டு வக்கீலுக்குப் போன் போட்டிருக்கான்." கத்தரி எழுந்து அவசரத்தின் மேசைக்குப் போனான். எப்படி ஆரம்பிப்பதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்தான்.

"சார், அந்தச் சந்தைச் செய்தி. அவன் சைக்கோ இல்லன்னு ஆயிடுச்சு. நாம அப்படிப் போட்டது தப்புன்னு சின்னதா ஒரு மறுப்பு..."

"யார் கேட்டா மறுப்பு?" அவசரம் தலையை நிமிர்த்தவில்லை. "குத்தினவன் கேட்டானா? இல்ல, சைக்கோ சங்கத்துலேருந்து யாராவது தலைவர் வந்து வாசல்ல உக்காந்திருக்காரா?"

சுற்றியிருந்த மேசைகளில் எல்லோரும் சிரித்தார்கள். என் அண்ணன் வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். இத்தனை வருஷமாக அந்த அலுவலகத்தில் அவன் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான ஒரு நொடி இனி வாய்க்காது. அவன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் சிரிப்புதான் வந்தது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, 'கடை இடத் தகராறில் கொலை' என்று ஒற்றைப் பத்தியில் தலைப்பு போட்டான். அது ஏழாம் பக்கத்தின் அடியில், காணவில்லை விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது. சைக்கோ இல்லை என்று எங்கேயும் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவசரம் சொன்ன நகைச்சுவையைச் சொன்னான். தானும் சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் அவனை ஆறுதல்படுத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒரு தடவையாவது அவர்கிட்ட ஷேவ் பண்ணிக்கிட்டிருக்கீங்களா?"

"முடி அவர்கிட்டதானே வெட்டிக்கறேன்?"

"நான் முடியைக் கேக்கல."

என் தோலுக்கு ஒத்துக்காது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அந்தச் சாக்கைத்தான் இத்தனை காலமும் அண்ணனிடம் சொல்லியிருந்தான். அண்ணனும் நம்பி, தோலுக்கு நல்லது என்று ஏதேதோ களிம்பு வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள். அவர்கள் மகளுக்குக் குழந்தையிலிருந்து முடி வெட்டிவிடுவது அண்ணன்தான். மகளின் காதோரம் கத்தரிக்கோல் போய் வரும்போது மனைவி அங்கே நின்றுகூடப் பார்க்க மாட்டாள், உள்ளே போய்ச் சமையலைக் கவனிப்பாள்.

அன்றிலிருந்து அவன் முகத்தை மழிக்கவில்லை. தாடி அரிக்க ஆரம்பித்ததும் சலூன் முதலாளியைப் பார்த்துத் தன் யோசனையைச் சொன்னான். முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னிக்குத்தான் கூட்டம். நாலு பேரு பாக்கட்டும். தம்பியே கழுத்தை நீட்டினா மத்தவங்களுக்கும் ஒரு தைரியம் வரும். அப்புறம் அவரு நாற்காலி அவருக்குத்தான்." அண்ணனிடம் சொன்னபோது அவர் அவன் தாடியைப் பார்த்தார். பிறகு, "எனக்காகவா பண்றே?" என்று கேட்டார். "அரிக்குதுண்ணே, அதான்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் எழுந்து வரும்போது அண்ணன் குளித்து, நல்ல சட்டை ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த சட்டைக் கையிலேயே மறுபடியும் மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சலூனில் பெஞ்சு நிறைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் ஓரத்தில் இருந்தார். முதலாளி ஏற்பாட்டின்படி வேண்டுமென்றே உரக்க, "வாங்க சார், உங்க அண்ணன் ஃப்ரீயாத்தான் இருக்காரு" என்றார். துண்டுகளை அகற்றித் துடைத்திருந்த நாற்காலியில் கத்தரி உட்கார்ந்தான். அண்ணன் துணியைப் போர்த்திக் கழுத்துக்குப் பின்னால் முடிந்தார். புது பிளேடை எல்லோரும் பார்க்கக் காகிதத்திலிருந்து பிரித்து, பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டினார். சோப்பைக் குழைத்தார். அதே நிதானம். பிரஷ் கன்னத்தில் வட்டம் போட்டபோது அவனுக்குக் கண் செருகியது. எத்தனை நாளாக இதை இழந்திருக்கிறோம் என்றுகூடத் தோன்றியது. வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் பாதி முடிந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அண்ணன் நுரையைக் காகிதத் துண்டில் வழித்து, துண்டை மடித்து வைத்தார். பெஞ்சில் பேச்சு மெல்லத் திரும்பியிருந்தது. யாரோ மழையைப் பற்றிக் கேட்டார்கள். யாரோ, "ஸ்லோமோஷன் அண்ணே, தம்பிக்கு மறுபடி முளைச்சிடப் போகுது" என்றார்கள். முதலாளி பெரிதாகச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். இது முடிந்துவிடும், நல்லபடியாக முடிந்துவிடும் என்று கத்தரி நினைத்தான்.

அண்ணன் அவன் நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். "எச்சில முழுங்கிக்கோ."

முழுங்கினான். குமிழ் ஏறி இறங்கியது. கண்ணாடியில் அவன் கழுத்து வெள்ளையாக நீண்டு கிடந்தது. அதற்கு மேலே, புருவத்தில் கோடு விழுந்த ஒரு முகம் குனிந்தது. அந்த முகத்தை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கத்தியின் குளிர்ச்சி தொண்டையைத் தொட்டது. அப்போது அவனுக்குள் இரண்டு சொல் ஓடியது. முதல் சொல் வந்ததும் இரண்டாவது தானாகப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அவனே அடித்த வரிசையில், கொஞ்சங்கூட வெள்ளை இல்லாமல். உடம்பு அவனைக் கேட்காமல் விலுக்கென்று பின்வாங்கியது.

நுரையில் ஒரு சிவப்புக் கோடு தோன்றிக் கீழே வழிந்தது. சின்னக் கீறல்தான். ஆனால் வெள்ளையின்மேல் சிவப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கடை முழுவதற்கும் தெரியும். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள்.

"நான்தான் அசைஞ்சேன்" என்றான் கத்தரி. குரல் தேவைக்கு மேல் ஓங்கி வந்தது. "அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் அசைஞ்சேன்."

"பரவால்ல சார்" என்றார் மருந்துக்கடைக்காரர் மிகுந்த இரக்கத்தோடு. "கூடப் பொறந்தவரு. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"இல்ல, நிஜமாவே நான்தான்" என்றான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அப்புறம் வருவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறோம், அது ஏழாம் பக்கத்து அடியில் போய் விழுந்துவிட்டது என்று கத்தரிக்குத் தெரிந்தது. அண்ணனைப் பார்க்கக் கண் கூசியது. ஆனால் எதிரில் கண்ணாடி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவன் எங்கே பார்த்தாலும் அதில்தான் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தோலுக்கு ஒத்துக்காது என்பதும், களிம்பும், எல்லாமும் அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு சின்ன ஆச்சரியம் மட்டும் இருந்தது; வெகுநாளாகத் தேடாத ஒரு பொருள் கைக்கு அகப்பட்டவர்போல. பிறகு அவர் பெஞ்சு பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பிளேடு சரியில்ல. மாத்திடறேன்" என்றார்.

புது பிளேடு. எல்லோர் முன்னாலும் பிரித்த பிளேடு. அண்ணன் அவனைக் காப்பாற்றுகிறார் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அண்ணன் படிகாரக் கல்லை நனைத்துக் கீறலில் அழுத்தினார். சுரீரென்றது. வேறு பிளேடை மாட்டினார். கிழித்து வைத்த காகிதத் துண்டுகள் தீர்ந்திருந்தன. பலகையில் மேலாக ஒரு மூன்றாம் பக்கம் மடித்துக் கிடந்தது. அண்ணன் கை அதன்மேல் போனது. கிழித்துவிடு என்று கத்தரி வேண்டிக்கொண்டான். கிழித்து, நுரையையும் ரத்தத்தையும் அதில் துடைத்துக் கூடையில் போடு. அண்ணன் அதை இரண்டு கையாலும் எடுத்து, ஈரம் படாத ஓரத்தில் வைத்துவிட்டு, அடியிலிருந்த சினிமாப் பக்கத்தை உருவிக் கிழித்தார். அதில் நகத்தளவு துணுக்கு ஒன்றைக் கிள்ளி அவன் கழுத்துக் கீறல்மேல் ஒட்டினார். துணுக்கின் நடுவில் சிவப்பு ஊறிப் பரவியது.

"இன்னும் பாதி இருக்கு" என்றார். "சாய்ஞ்சுக்கோ."

அவன் சாய்ந்தான். பாதிக் கழுத்தில் நுரை காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. பெஞ்சில் மிச்சமிருந்தவர்கள் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கத்தியை ஒருபுறம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கமான குரலில், யாரோ ஒரு வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோல், "எச்சில முழுங்கிக்கோங்க" என்றார். அவனை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

கத்தி காத்திருந்தது. முழுங்குவதற்கு அவன் வாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.